பழைய காருக்குப் புது இன்ஜின்: முதலில் பின்னால் பாருங்கள்

பழைய காருக்கு வேறு இன்ஜின் மாட்ட நினைப்பவர்களின் பேச்சு பெரும்பாலும் பானெட்டுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. எத்தனை சிசி, எத்தனை குதிரைசக்தி, ரேடியேட்டர் தாங்குமா, ஸ்டீயரிங் கம்பியில் இடிக்குமா, கியர்பாக்ஸ் உள்ளே நுழையுமா என்று மாதக்கணக்கில் விவாதம் நடக்கும். இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் அந்தப் பேச்சில் கடைசியாகத்தான் வரும். புது இன்ஜினோடு வண்டி சாலைக்கு வந்து, பின்னாலிருந்து ஊளைச் சத்தம் கேட்ட பிறகே பலருக்கு அதன் ஞாபகம் வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். இன்ஜினை மாற்றுவது என்று முடிவெடுத்தவர் அடுத்த கையோடு பின் ஆக்ஸிலைத் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானமும் கணக்கிலிருந்து வர வேண்டும். எது பெரியது, எது பேர் போனது என்று தேடிப்போனால் பணமும் போகும், வண்டியின் குணமும் போகும்.

டிஃபரன்ஷியல் செய்யும் வேலைகள் மூன்று. கியர்பாக்ஸிலிருந்து வண்டியின் நீளவாக்கில் வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சுழற்சியைக் குறுக்குவாக்கில் திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுப்பது முதல் வேலை. ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் சிறிய பல்சக்கரமான பினியன், பெரிய கிரவுன் வீலைச் சுற்றுவதால் இது நடக்கிறது. சுழற்சியின் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்குவது இரண்டாவது வேலை. திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவது மூன்றாவது. நீராவி வண்டிகளின் காலத்திலேயே, 1827-இல், பிரான்ஸைச் சேர்ந்த ஒனெசிஃபோர் பெக்கூர் இந்த மூன்றாவது வேலைக்கான அமைப்புக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். இன்ஜின் மாற்றும்போது நம் தலையெழுத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது வேலைதான். சைக்கிளில் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துப் பல்சக்கரத்துக்கும் உள்ள பொருத்தம் மாறினால் மிதிக்கும் சுகமே மாறிவிடுகிறது அல்லவா, அதே பொருத்தம்தான் பினியனுக்கும் கிரவுனுக்கும் இடையில் இருப்பது. கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வரும் எண்ணே ஆக்ஸில் விகிதம். எண் பெரிதானால் இழுவை கூடும், இன்ஜின் வேகமாகச் சுற்றும். எண் சிறிதானால் இன்ஜின் நிதானமாகச் சுற்றும், இழுவை குறையும்.

இதைப் பொதுவாகப் பேசுவதைவிட, நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட ஒரு காரை எடுத்துக்கொள்வது நல்லது. 1962 முதல் 1980 வரை பிரிட்டனில் தயாரான எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் கார் அது. அதன் 1,798 சிசி இன்ஜின் நமக்கு அந்நியமானது அல்ல. நம் அம்பாசடரில் பல்லாண்டு ஓடிய 1,489 சிசி இன்ஜினும் அதுவும் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உறுதியான இன்ஜின், ஆனால் 95 குதிரைசக்திதான். அதே காலத்தில் அமெரிக்காவின் ப்யூக் நிறுவனம் செய்து கைவிட்ட, அலுமினியத்தால் ஆன மூன்றரை லிட்டர் வி-8 இன்ஜினின் உரிமையை 1965-இல் பிரிட்டனின் ரோவர் நிறுவனம் வாங்கியிருந்தது. எட்டு சிலிண்டர் இருந்தும், எடையில் அது எம்.ஜி.பி.யின் நாலு சிலிண்டர் வார்ப்பிரும்பு இன்ஜினை ஒட்டியே இருந்தது. இந்தப் பொருத்தத்தைக் கண்ட கென் காஸ்டெல்லோ என்ற பந்தய ஓட்டுநர், 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த இன்ஜினை எம்.ஜி.பி.க்குள் மாட்டி விற்கத் தொடங்கினார். அதன் பிறகு தொழிற்சாலையே முன்வந்து 1973 முதல் 1976 வரை எம்.ஜி.பி. ஜிடி வி-8 என்ற பெயரில் 2,591 கார்களைத் தயாரித்தது. தனியார் பட்டறையில் பிறந்த யோசனையைத் தொழிற்சாலைப் பொறியாளர்கள் கையிலெடுத்து, கணக்குப் போட்டு, சோதித்து, உத்தரவாதத்தோடு விற்ற அபூர்வமான உதாரணம் இது. இன்றும் பலர் சாதாரண எம்.ஜி.பி.யில் ரோவர் வி-8 மாட்டுகிறார்கள். அவர்களுக்கான பாடம் அந்தத் தொழிற்சாலைக் காரின் பின் ஆக்ஸிலில் இருக்கிறது.

சாதாரண எம்.ஜி.பி.யின் கிரவுனில் 43 பற்கள், பினியனில் 11. விகிதம் 3.909. வி-8 காரில் கிரவுனின் பற்கள் அதே 43, பினியனின் பற்கள் 14. விகிதம் 3.071. ஆக்ஸில் கூடு, குழாய் போன்ற கைகளைக் கொண்ட அதே எம்.ஜி.பி. வகைதான். இன்ஜினின் முறுக்குவிசை சுமார் 149 நியூட்டன் மீட்டரிலிருந்து 262-க்குத் தாவியபோது, பொறியாளர்கள் ராட்சத ஆக்ஸில் எதையும் தேடிப்போகவில்லை. இருந்த ஆக்ஸிலுக்குள் விகிதத்தை மாற்றினார்கள். மூன்று பற்கள் கூடிய பினியன், அவ்வளவுதான். அந்த மூன்று பற்களுக்குள் இருக்கும் காரணங்களைப் பிரித்துப் பார்த்தால், எந்தப் பழைய காருக்கும் பொருந்தும் வழிமுறை கிடைத்துவிடும்.

முதல் காரணம் இன்ஜினின் சுழற்சி வேகம். வி-8 காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.95 மீட்டர் ஓடும். மணிக்கு 110 கிலோமீட்டரில் போனால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 940 சுற்று சுற்றுகிறது. டாப் கியரில் கியர்பாக்ஸ் விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்பதால், இன்ஜின் வேகம் தெரிய அந்த 940-ஐ ஆக்ஸில் விகிதத்தால் பெருக்கினால் போதும். 3.909 என்றால் ஏறக்குறைய 3,700 சுற்று. 3.071 என்றால் 2,900. இந்த வி-8 தன் உச்ச இழுவையைத் தருவதே 2,900 சுற்றில்தான். நெடுஞ்சாலை வேகத்தில் அது தனக்கு மிக வசதியான இடத்தில் ஓடும்படி ஆக்ஸில் அமைந்திருக்கிறது. உச்ச வேகத்தைப் பாருங்கள். அந்தக் கார் மணிக்கு 200 கிலோமீட்டர் வரை போகக்கூடியது. அப்போது 3.071 ஆக்ஸிலில் இன்ஜின் சுமார் 5,250 சுற்றில் இருக்கும். அதன் 137 குதிரைசக்தி முழுதும் கிடைப்பது 5,000 சுற்றில் என்பதால், உச்ச வேகமும் உச்ச சக்தியும் ஏறத்தாழ ஓரிடத்தில் சந்திக்கின்றன. பழைய 3.909 ஆக்ஸிலை அப்படியே விட்டிருந்தால் அதே வேகத்துக்கு டாப் கியரில் 6,700 சுற்று தேவைப்பட்டிருக்கும். தன் சக்தியெல்லாம் 5,000 சுற்றிலேயே தீர்ந்துவிடும் இன்ஜினால் அங்கே உருப்படியாகப் போய்ச்சேர முடியாது. ஆக, பழைய ஆக்ஸில் உடைகிறதோ இல்லையோ, புதிய இன்ஜினை அது வாழவிடாது.

இரண்டாவது காரணம் வலிமை. இங்கே இரண்டு சுமைகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பினியனுக்கு வரும் முறுக்குவிசை என்பது இன்ஜினின் முறுக்குவிசையை முதல் கியரால் பெருக்கியது. சாதாரண எம்.ஜி.பி.யில் முதல் கியர் விகிதம் 3.44 என்றால் அது சுமார் 510 நியூட்டன் மீட்டர். வி-8 காரின் முதல் கியர் 3.138 என்றாலும் அது 820-க்கு ஏறிவிடுகிறது. ஆக்ஸில் விகிதம் எதுவானாலும் பினியன் இந்தச் சுமையைச் சுமந்தே தீர வேண்டும். அதைத் தாங்கப் பினியன் பருமனாக இருக்க வேண்டும். பதினொரு பல் பினியனைவிடப் பதினான்கு பல் பினியன் தடித்தது, ஒரே நேரத்தில் கிரவுனோடு கடித்து நிற்கும் பற்களும் அதில் அதிகம். அடுத்த சுமை, கிரவுனைத் தாண்டிச் சக்கரங்களுக்குப் போகும் ஆக்ஸில் ஷாஃப்ட்டுகளின் மேல் விழுவது. அங்கே ஆக்ஸில் விகிதமும் பெருக்கலில் சேர்கிறது. பழைய காரில் இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 2,000 நியூட்டன் மீட்டர். வி-8 இன்ஜினோடு 3.909 இருந்தால் 3,200. 3.071 இருந்தால் 2,500. பினியனைத் தடிப்பாக்கிய அதே மாற்றம், ஷாஃப்ட்டுகளின் சுமையையும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறக்கிவிட்டது. ஒரே மாற்றத்தில் நிதானமும் வலிமையும் கிடைத்தன என்பதே இந்த உதாரணத்தின் அழகு.

இந்த இடத்தில் வழக்கமாக ஓர் எதிர்க்கேள்வி வரும். ஆக்ஸில் எண்ணைக் குறைத்தால் பிக்கப் போய்விடாதா? புது இன்ஜின் மாட்டுவதே பாய்ச்சலுக்காகத்தானே? இழுவை குறைகிறது என்பது உண்மைதான், ஆனால் அந்த இழுவையை ஏற்றுக்கொள்ளச் சாலையும் டயரும் தயாராக இருக்க வேண்டும். கார் கிளம்பும் வேகத்தில் எடை பின்னால் சாய்கிறது. இரண்டு பின் சக்கரங்களின் மேலும் சேர்த்து 600 கிலோ இருப்பதாகவும், உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வு 0.9 என்றும், டயரின் ஆரம் 31 சென்டிமீட்டர் என்றும் வைத்துக் கணக்கிட்டால், டயர் வழுக்காமல் தாங்கக்கூடியது சுமார் 1,650 நியூட்டன் மீட்டர். 3.071 தரும் 2,500-ஐயே முழுதாகச் செலவழிக்க அந்த டயருக்குப் பிடிப்பு கிடையாது. 3.909 கொண்டு அதை 3,200 ஆக்கினால் கூடுதலாகக் கிடைப்பது டயர் புகை மட்டுமே. சோதனை முடிவுகளும் இதையே சொல்கின்றன. சாதாரண எம்.ஜி.பி. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைலைத் தொட ஏறத்தாழ 12 விநாடி எடுத்தது. நீண்ட ஆக்ஸில் விகிதம் கொண்ட வி-8 ஒன்பது விநாடிக்குள் தொட்டது. இழுவை நிறைந்த இன்ஜினுக்குப் பெரிய எண் கொண்ட ஆக்ஸிலின் கைத்தாங்கல் தேவையில்லை. அந்தக் கைத்தாங்கல், சுழற்றினால்தான் சக்தி தரும் சிறிய இன்ஜினுக்கு வேண்டியது. அதனால்தான் 1.8 லிட்டர் காருக்கு 3.909 சரியாக இருந்தது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் நியாயமானது. நவீன ஐந்து கியர் பெட்டியைப் போட்டுவிட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் சுழற்சி தானாகக் குறைந்துவிடும், ஆக்ஸிலைத் தொட வேண்டியதில்லை என்பது அது. ரோவர் வி-8 மாட்டுபவர்களில் பலர் ரோவரின் ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்தே மாட்டுகிறார்கள் என்பதால் இது கற்பனைக் கேள்வி அல்ல. ஐந்தாவது கியர் விகிதம் 0.8 என்று கொண்டால், பழைய 3.909 ஆக்ஸிலிலும் 110 கிலோமீட்டர் வேகத்தில் 2,950 சுற்றுதான் வரும். அந்தக் கணக்கு சரி. ஆனால் கியர்பாக்ஸின் மறுமுனையில் முதல் கியர் இருக்கிறது. அதன் விகிதம் 3.32 என்றால், 3.909 ஆக்ஸிலோடு இன்ஜின் 5,000 சுற்றைத் தொடும்போது கார் மணிக்கு 45 கிலோமீட்டரில் இருக்கும். கிளம்பியதும் டயர் வழுக்கும், வழுக்கல் நின்றதும் கியர் மாற்ற வேண்டும், முதல் கியர் பெயருக்கு மட்டும் இருக்கும். 3.071 ஆக்ஸிலில் அது 57 கிலோமீட்டர் வரை நீளும். மேல் கியரில் கிடைத்த வசதி ஆக்ஸிலின் தவறைப் பாதிதான் மறைக்கிறது. அதே சமயம், ஐந்தாவது கியர் இருக்கும்போது 3.071 வரை இறங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 1993-இல் இதே காரின் வழித்தோன்றலாக வந்த எம்.ஜி. ஆர்வி8 இதற்குச் சாட்சி. 3.9 லிட்டர் வி-8, ஐந்து கியர் பெட்டி, 190 குதிரைசக்தி கொண்ட அந்தக் காருக்கு 3.31 விகிதம் கொடுத்தார்கள். இன்ஜின் ஒரே குடும்பம்தான், ஆனால் கியர்பாக்ஸும் டயரும் மாறியதும் ஆக்ஸில் எண்ணும் மாறிவிட்டது. யாரோ ஒருவருக்குப் பொருந்திய எண் உங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் தேவையில்லை.

மூன்றாவது எதிர்வாதம் அமெரிக்கப் பட்டறைகளில் வேரூன்றியது: எதற்கு இத்தனை கணக்கு, கிடைப்பதிலேயே பெரிய ஆக்ஸிலைப் போட்டுவிட்டால் கவலை தீர்ந்தது. ஃபோர்டு நிறுவனத்தின் ஒன்பது அங்குல ஆக்ஸில் இப்படிப் புகழ் பெற்றது. அங்குலக் கணக்கு கிரவுனின் விட்டத்தைக் குறிக்கிறது. அது அசாத்திய வலிமை கொண்டது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதே ஃபோர்டு தன் 1965 மஸ்டாங்கில் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். ஆறு சிலிண்டர் காருக்கு 7.25 அங்குல ஆக்ஸில், சக்கரத்துக்கு நாலு போல்ட். சாதாரண வி-8 காருக்கு எட்டு அங்குல ஆக்ஸில், ஐந்து போல்ட். 271 குதிரைசக்தி கொண்ட உயர்திறன் வி-8 காருக்கு மட்டும் ஒன்பது அங்குலம். ஒரே உடல், மூன்று ஆக்ஸில். பெரிதை எல்லாவற்றிலும் மாட்டிவிட அந்த நிறுவனத்துக்கு என்ன தடை? எடையும் விலையும் உராய்வும்தான். ஒன்பது அங்குல ஆக்ஸிலில் பினியன் கிரவுனின் மையத்தைவிட நன்கு கீழே அமைந்திருப்பதால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் அளவு கூடுகிறது. பல்லின் வலிமை கூடுவது இதனால்தான், உராய்வில் சக்தி வீணாவதும் இதனால்தான். ஆக்ஸிலின் எடை ஸ்பிரிங்குகளுக்குக் கீழே தொங்கும் எடை. அது கூடினால் மேடுபள்ளத்தில் சக்கரம் சாலையோடு ஒட்டி ஓடும் திறன் குறைகிறது. இருநூறு குதிரைசக்தி இன்ஜினுக்கு நானூறு குதிரைசக்தி தாங்கும் ஆக்ஸிலைச் சுமப்பவர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதன் விலையைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். இந்த உதாரணம் மறுபக்கமும் வெட்டும். ஆறு சிலிண்டர் மஸ்டாங்கில் வி-8 மாட்டிவிட்டு 7.25 அங்குல ஆக்ஸிலை அப்படியே விடுவதும் தவறு. அந்த ஆக்ஸில் எந்தச் சுமைக்குச் செய்யப்பட்டது என்பதைத் தொழிற்சாலையே தன் தேர்வால் சொல்லிவிட்டது.

விகிதமும் வலிமையும் முடிவான பிறகு வருவது இடப்பொருத்தம். பழைய மஸ்டாங்குகளுக்குப் பலர் தேடிப்போகும் ஆக்ஸில், பிந்தைய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்ஸில். வலிமை போதுமானது, 1995-க்குப் பின் வந்தவற்றில் டிஸ்க் பிரேக்கும் உண்டு, பழைய இரும்புச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அதன் அகலம் சுமார் 59.5 அங்குலம். 1965 மஸ்டாங்கின் ஆக்ஸில் அதைவிட இரண்டு அங்குலத்துக்கு மேல் குறுகியது. வெட்டிக் குறுக்காமல் மாட்டினால் டயர் மட்கார்டில் உரசும். கமான் பட்டை உட்காரும் இருக்கைகளைப் புதிய இடத்தில் வெல்டிங் செய்ய வேண்டும், அப்போது பினியனின் சாய்வும் முடிவாகிவிடுகிறது. கியர்பாக்ஸின் வெளிமுனையும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையான கோணத்தில் இருந்தால்தான் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட்டுகளும் ஒன்றன் அதிர்வை மற்றொன்று விழுங்கும். இதைக் கவனிக்காத வண்டி குறிப்பிட்ட வேகத்தில் நடுங்கும், ஜாயின்ட் சீக்கிரம் தேயும். ஷாஃப்ட்டின் நீளமும் மாறும் என்பதால் அதையும் புதிதாக வெட்டிச் சமன்படுத்த வேண்டும். எம்.ஜி.பி.யில் வேறொரு நுணுக்கம் உண்டு. கம்பிச் சக்கரம் மாட்டும் ஆக்ஸிலும் போல்ட் சக்கரம் மாட்டும் ஆக்ஸிலும் அகலத்தில் வேறுபடும். வி-8 காருக்குத் தொழிற்சாலை கம்பிச் சக்கரத்தைத் தரவே இல்லை. அந்த முறுக்குவிசைக்கு அவை போதாது என்று முடிவெடுத்தது. ஆக்ஸிலைத் தேர்ந்தெடுப்பவர் அதோடு சேர்த்துச் சக்கரத்தையும் தேர்ந்தெடுக்கிறார் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

பலர் மறந்துவிடுவது ஸ்பீடோமீட்டரை. பழைய கார்களில் அதன் கேபிள் கியர்பாக்ஸின் வெளிமுனையிலிருந்து சுற்றுகிறது. ஆக்ஸில் விகிதம் மாறினால், முள் காட்டும் வேகம் பொய்யாகிவிடும். 3.909-ஐ 3.071 ஆக்கிவிட்டு ஸ்பீடோமீட்டரைத் திருத்தாமல் விட்டால், முள் 80 காட்டும்போது கார் உண்மையில் 102 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அந்த வேகத்தை நிறுத்தும் பிரேக்கும் அப்படியே. வி-8 காருக்கு முன் பிரேக் டிஸ்க்குகளைத் தொழிற்சாலை தடிப்பாக்கியது. பட்டறையில் செய்யும் மாற்றத்துக்கும் அதே நியாயம் பொருந்தும்.

லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வேண்டுமா என்ற கேள்விக்கும் இந்த வாதத்திலிருந்தே பதில் கிடைக்கும். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசையைத் தருகிறது. ஒரு சக்கரம் ஈரத்தில் வழுக்கினால் மறு சக்கரத்துக்கும் அந்தச் சொற்ப அளவே போகும். இழுவை மிகுந்த இன்ஜினை மாட்டியவருக்கு இது அடிக்கடி இடைஞ்சல் தரும். லிமிடெட் ஸ்லிப், வழுக்காத சக்கரத்துக்குக் கூடுதல் பங்கைத் திருப்புகிறது. 1993 ஆர்வி8-இல் அது இருந்தது, 1973 வி-8-இல் இல்லை. ஆகவே 137 குதிரைசக்திக்கு அது கட்டாயம் இல்லை, 190-க்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளலாம். கிளட்ச் தட்டுகள் கொண்ட வகைக்கு அதற்கென்று பரிந்துரைத்த எண்ணெயும் சேர்க்கையும் தேவை. உள்ளிருக்கும் சிறு பற்களை வெல்டிங் செய்து இறுக்கிவிடும் மலிவு வழியை மட்டும் சாலையில் ஓடும் காருக்கு யாரும் செய்யக் கூடாது. திருப்பத்தில் டயர் இழுபடும், ஷாஃப்ட் முறுகும், ஈரச் சாலையில் கார் நேராகவே போகப் பார்க்கும்.

பழைய ஆக்ஸிலை வாங்குபவர் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பத் தேவையில்லை. சாதாரண டிஃபரன்ஷியலாக இருந்தால் விகிதத்தைக் கையாலேயே எண்ணிவிடலாம். ஒரு சக்கரத்தை அசையாமல் நிறுத்திவிட்டு, மறு சக்கரத்தைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். ஒரு பக்கம் நிற்கும்போது மறுபக்கம் இரண்டு சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும் என்பதே இதன் சூட்சுமம். பினியன் முனையில் சாக்பீஸால் கோடு போட்டு அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணினால் விகிதம் தெரிந்துவிடும். நாலுக்குச் சற்றே குறைவாக வந்தால் 3.909, மூன்றைச் சற்றே தாண்டினால் 3.071. மூடியைக் கழற்ற முடிந்தால் கிரவுன், பினியன் பற்களை நேரடியாக எண்ணி வகுத்துப் பார்ப்பது இன்னும் உறுதி. அடியில் தேங்கிய எண்ணெயில் இரும்புத் தூள் மின்னினால் வேறு ஆக்ஸிலைத் தேடலாம். விகிதத்தை மட்டும் மாற்றுவதானால் கிரவுனும் பினியனும் ஜோடியாகவே மாற வேண்டும். பல ஆக்ஸில்களில் விகிதம் ஓரளவுக்கு மேல் மாறினால் கிரவுனைத் தாங்கும் கேரியரும் மாற வேண்டியிருக்கும், அதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும். பொருத்தும்போது பினியனின் ஆழம், பேரிங்குகளின் இறுக்கம், பற்களுக்கிடையே விடும் பேக்லாஷ் மூன்றும் அளந்து வைக்கப்பட வேண்டும். பேக்லாஷ் பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியது. பற்களில் சாயம் தடவிச் சுற்றி, அச்சு பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்கும் பொறுமை உள்ள மெக்கானிக்கிடம் மட்டுமே இந்த வேலையைக் கொடுக்க வேண்டும். கண் மதிப்பில் முடுக்கிய டிஃபரன்ஷியல் சீக்கிரமே ஊளையிடும்.

கடைசியாக இரண்டு ஆட்சேபங்கள். ஆக்ஸிலையும் மாற்றினால் பழைய காரின் அசல் தன்மை போய்விடும் என்பது ஒன்று. அசல் தன்மையைப் போற்றுவது நல்ல குணம், நான் அதை மதிக்கிறேன். ஆனால் இன்ஜினை மாற்றத் துணிந்த பிறகு, அந்த இன்ஜினுக்குப் பொருந்தாத ஆக்ஸிலை மட்டும் அசலுக்காகக் காப்பாற்றுவதில் பொருள் இல்லை. எம்.ஜி.பி. காட்டிய வழியில் அதே ஆக்ஸில் கூட்டுக்குள் விகிதத்தை மட்டும் மாற்றினால் வெளியே எதுவும் தெரியப்போவதில்லை. கழற்றிய பற்சக்கரங்களை எண்ணெய் தடவி மூடி வைத்தால் என்றைக்கு வேண்டுமானாலும் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியும். மற்றொன்று செலவு. பணம் குறைவாக இருப்பவர் இன்ஜினை முதலில் மாட்டிவிட்டு ஆக்ஸிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது இயல்பே. ஆனால் ஆக்ஸில் பின்னால் மாறும்போது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், பினியன் கோணம், ஸ்பீடோமீட்டர், சில சமயம் சக்கரங்கள்கூட இரண்டாம் முறை மாற வேண்டியிருக்கும். முதலில் தீர்மானித்தவர் இவற்றுக்கு ஒருமுறைதான் செலவழிக்கிறார். பணம் போதவில்லை என்றால், கொஞ்சம் சிறிய இன்ஜினையும் சரியான ஆக்ஸிலையும் எடுப்பதே புத்திசாலித்தனம்.

ஆகவே, இன்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து ஆறு எண்களை எழுதுங்கள்: இன்ஜினின் உச்ச முறுக்குவிசை, அது கிடைக்கும் சுழற்சி வேகம், முதல் கியர் விகிதம், கடைசி கியர் விகிதம், டயரின் சுற்றளவு, நீங்கள் வழக்கமாக ஓட்டப்போகும் நெடுஞ்சாலை வேகம். ஆக்ஸில் விகிதம் என்ன என்பதற்கான பதில் அந்தத் தாளிலேயே வந்துவிடும். அந்த விகிதத்தில் கிடைக்கும் ஆக்ஸில்களில், உங்கள் காரின் எடைக்கும் டயரின் பிடிப்புக்கும் போதுமான வலிமை கொண்டதும், அகலம் பொருந்துவதுமான மிகச் சிறியதைத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் முதலிலேயே முடிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி இன்ஜின் மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் அனுமதி தேவை. கணக்கும் அனுமதியும் கையில் வந்த பிறகு இன்ஜினைத் தேடிப் புறப்படுங்கள்.